பொன்னம்பல முதலியாரின் மைந்தர் மூவர்

சென்ற தவணையில் ஒருநாள், மழை விடாது பெய்துகொண்டிருந்த மாலைப்பொழுதில், எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கில இலக்கிய வரலாற்று நூலொன்றைக் கையிற் கொண்டு என்னிடம் வந்தாள். விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில், யோர்க்‌ஷயர்ப் பகுதியிலே ஹாவொர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் புதல்வியராய் வாழ்ந்த புரொன்டி சகோதரிகளின் வரலாற்றை அவள் அந்நூலிற் படித்திருந்தாள். சார்லொட், எமிலி, ஆன் என்னும் அம்மூவரும் 1846ஆம் ஆண்டில் ஆண்பெயர் புனைந்து தம் கவிதைகளை அச்சிட்டதும், மறு ஆண்டிலேயே மூவர் நாவல்களும் வெளிவந்து புகழ் பெற்றதும், மூவருள் ஒருவரேனும் நாற்பது வயதைக் காணாது மறைந்ததும் அவள் உள்ளத்தைத் தொட்டிருந்தன. ஒரு தாய் வயிற்றில் உதித்தோர் எல்லாரும் எழுத்தாளராய் விளங்கிய குடும்பம் நம் நாட்டில் அக்காலத்தில் உண்டா என்று அவள் வினவினாள்.

பண்டிதன் என்ற முறையில், ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவரின் கதையே முதலில் என் நாவில் எழுந்தது. அது கர்ணபரம்பரைக் கதை; வரலாறு அன்று. மேலும், அவள் கேட்டது விக்டோரியா காலத்தைப் பற்றி. சிறிது நேரம் விடை சொல்லாது நின்றேன். பின்னரே பொன்னம்பல முதலியாரின் மைந்தர் மூவரும் நினைவுக்கு வந்தனர். குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்னும் அம்மூவரையும் அரசியலாளராகவே பாடநூல்கள் நமக்குக் காட்டியுள்ளன. அவர்கள் எழுத்தாளரும் ஆவர் என்பது தமிழ் கற்பிக்கும் எனக்கே உடன் நினைவுக்கு வராமற் போனது நாணத்தக்கது. அந்நாணத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மூவருள் இளையவரான அருணாசலத்துக்கு என் குடும்பம் பட்டுள்ள கடன் பெரிது. அவர் வரலாற்றை, தமையன்மார் இருவரோடும் சேர்த்து, ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

குடியும் சூழலும்

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். பொன்னம்பலம் என்றவுடன் நம் மாணாக்கர் பலருக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் பெயரே தோன்றும். அவர் பிற்காலத்தவர், வேறு குடும்பத்தவர். நாம் கூறப் புகுந்த பொன்னம்பல முதலியார் 1814இல் பிறந்து 1887இல் மறைந்தவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டவர். கொழும்புக் கச்சேரியிற் காசாளராக விளங்கியவர். கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயிலை எழுப்பியவர். அவர்தம் மனைவியார் செல்லாச்சி அம்மையார். சட்டநிரூபண சபையில் தமிழரின் முதற் பிரதிநிதியாக அமர்ந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியாரே அம்மையாரின் தந்தையார்.

மைந்தர் மூவருக்கும் எழுத்தின் சுவையைக் காட்டியவர் தாய்மாமனாகிய சேர் முத்துக்குமாரசுவாமி என்று கொள்ளுதல் பிழையாகாது. அவர் அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் வெளியிட்டார். சைவராயிருந்தும் பாளி மொழி பயின்று, பௌத்தரின் தாதவம்சத்தையும் சுத்தநிபாதத்தின் பகுதிகளையும் 1874இல் ஆங்கிலத்திற் பெயர்த்துத் தந்தார். கலையுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவருடைய மைந்தரே. ஆகவே நம் மூவருக்கும் ஆனந்தர் மைத்துனராவர். ஹாவொர்த்துப் பாதிரியார் இல்லத்தில் நூல்கள் நிறைந்திருந்தமை அச்சகோதரிகளை ஆக்கியது போல, கொழும்பில் இவ்வில்லத்தில் தேவார திருவாசகமும் ஆங்கில நூல்களும் ஒருங்கே பயின்றமை இம்மூவரையும் ஆக்கியது.

மூவர் கல்வி

மூத்தவர் குமாரசுவாமி 1849இலும், நடுவர் இராமநாதன் 1851இலும், இளையவர் அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாளிலும் பிறந்தனர். பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலே அவர்கள் கல்வி தொடங்கியது. இராமநாதன் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்று பயின்று, திரும்பி வந்து வழக்கறிஞரானார். குமாரசுவாமியும் சட்டத் தொழிலையே மேற்கொண்டார். அருணாசலம் 1870இல் அரசாங்கப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் கல்லூரியை அடைந்தார். அங்கே பட்டம் பெற்றதோடு இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டித் தேர்விலும் தேறினார். தேர்வின் வழியாக அச்சேவையினுட் புகுந்த முதல் இலங்கையர் அவரே. ஆங்கிலேயரே பெரும்பாலும் அமர்ந்திருந்த நாற்காலிகளின் நடுவே, 1875இல், தமிழ் இளைஞர் ஒருவர் சென்று அமர்ந்தார்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

இவர்கள் எழுதத் தொடங்கிய காலத்தின் இயல்பைத் தமிழ் மாணாக்கர் மறத்தலாகாது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியாரின் இறுதிக் காலமாயிருந்த அப்பொழுதே, தமிழ் நிலத்தில் சங்க நூல்கள் செல்லரித்த ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏறின. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் கையால் வெளிவந்தன. பல நூற்றாண்டுகளாகப் பெயரளவில் வழங்கிய நூல்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கைக்கெட்டும் பொருளாயின.

பதிப்பாசிரியர் உழைப்பை நாம் போற்றுகின்றோம். அந்நூல்களை உடனே வாங்கிப் படித்து, அவற்றின் பெருமையைப் பிறமொழியாளர்க்கு எடுத்துரைத்தவர்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அப்பணியில் முன்னின்றவருள் ஒருவர் நம் குமாரசுவாமி. சாமிநாதையர்க்குத் துணை நின்ற இலங்கை அன்பர்களில் அவரும் ஒருவர். அத்துடன் அமையாது, சேரன் செங்குட்டுவனைப் பற்றியும், பழந்தமிழ்ப் புலவரைப் பற்றியும் இலங்கை அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் ஆங்கிலக் கட்டுரைகள் வரைந்தார். சட்டநிரூபண சபையில் 1893 முதல் 1898 வரை அங்கம் வகித்த அவர், சபை வேலைக்கும் நீதிமன்ற வேலைக்கும் இடையே கிடைத்த பொழுதைச் சங்கப் புலவருக்கு அளித்தார். 1906இல் அவர் மறைந்தார். தம்பியர் இருவரின் புகழொளியில் அவர் பெயர் மங்கிற்றாயினும், மூவருள் சங்க இலக்கியத்தில் ஆழ மூழ்கியவர் அவரே என்பது என் துணிபு.

நடுவராகிய இராமநாதனின் எழுத்து வேறு திசையிற் சென்றது. 1879 முதல் 1892 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக விளங்கிப் பின் சொலிசிற்றர் ஜெனரல் பதவியேற்ற அவர், தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். அக்குருவருளால் தாம் பெற்ற சைவ ஞானத்தைக் கண்ணாடியாகக் கொண்டு கிறித்தவ வேதத்தை நோக்கினார். மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும், யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் அவர் ஆங்கிலத்தில் விரிவுரை கண்டார். பாதிரிமார் நமக்கு நம் சமயத்தின் குறைகளை விளக்கிக்கொண்டிருந்த காலத்தில், சைவர் ஒருவர் பாதிரிமார்க்கு அவர்தம் வேதத்தின் உட்பொருளை விளக்கப் புகுந்தது சிறு துணிவா? 1905இலும் 1906இலும் அமெரிக்கா சென்று பல நகரங்களிற் சொற்பொழிவாற்றினார். தமிழில் பகவத்கீதையை மொழிபெயர்த்து உரையெழுதி 1914இல் வெளியிட்டார். தந்தையார் எழுப்பிய கொச்சிக்கடைக் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கினார். யாழ்ப்பாணத்திலே பெண்மக்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், ஆண்மக்களுக்கெனப் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இராணுவச் சட்டத்தால் அல்லலுற்ற சிங்கள மக்களுக்காகப் போர்க்காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று வாதாடியதும், அதுபற்றி 1916இல் நூலெழுதியதும் இலங்கை வரலாறு நன்கறிந்தவை.

கேம்பிரிட்ஜில் முளைத்த நட்பு

இனி, இளையவர்பாற் செல்வோம். அருணாசலம் கேம்பிரிட்ஜிற் பயின்றபொழுது எட்வேர்ட் கார்ப்பென்ரர் என்னும் ஆங்கில இளைஞரின் நட்பைப் பெற்றார். கார்ப்பென்ரர் அங்கே விரிவுரையாளராகவும் குருவாகவும் இருந்தவர், பின்னர் அப்பதவிகளைத் துறந்து, தொழிலாளர் நடுவே எளிய வாழ்வு வாழத் தலைப்பட்டவர், கவிஞர், சமதர்மக் கொள்கையாளர். கடல் நடுவே கிடப்பினும் ஐம்பது ஆண்டுக்காலம் இந்நட்பு கடிதங்களால் வளர்ந்தது. 1880களின் தொடக்கத்தில் அருணாசலம் தம் நண்பருக்குப் பகவத்கீதையின் மொழிபெயர்ப்பொன்றை அளித்தார். அந்நூல் தமக்குக் காட்டிய ஒளியே, 1883இல் வெளிவந்த தம் பெருங்கவிதை நூல் உருப்பெறத் துணை செய்தது என்பதைக் கார்ப்பென்ரர் மறைத்தாரல்லர்.

1890இல் கார்ப்பென்ரர் இலங்கைக்கு வந்தார். அக்காலத்தில் அருணாசலம் குருநாகலில் நீதிபதியாயிருந்தார். தமிழ்நாட்டு ஞானியார் ஒருவரிடம் நண்பரை அழைத்துச் சென்று, ஞானியார் தமிழிற் கூறியவற்றை ஆங்கிலத்தில் உணர்த்தினார். இச்சந்திப்பின் பயனைக் கார்ப்பென்ரர் 1892இல் வெளியிட்ட பயண நூலிற் காணலாம். சிவனொளிபாத மலையின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நூல் அது. இங்கிலாந்துத் தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த ஒருவர் நம் ஞான மரபை நாடி வந்தார். நம் ஞான மரபில் திளைத்த ஒருவர் அவரிடமிருந்து தொழிலாளர் உரிமையின் பொருளைக் கேட்டறிந்தார். இக்கொடுக்கல் வாங்கலை மனத்திற் கொண்டால் அருணாசலத்தின் பிற்கால வாழ்வு எளிதில் விளங்கும். ஞானநெறி பற்றி அவர் எழுதிய கடிதங்களை, அவர் மறைந்தபின் 1927இல் நூலாக்கி வெளியிட்டவரும் கார்ப்பென்ரரே.

பணியின் நடுவே அருணாசலம் திருவாசகத்திலும் தாயுமானவர் பாடல்களிலும் புறநானூற்றிலும் தோய்ந்து, அவற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் ஆக்கினார். பொலன்னறுவையிற் கிடைத்த சைவ வெண்கலப் படிமங்களைப் பற்றியும், கதிர்காமத்து முருக வழிபாட்டைப் பற்றியும் அவர் எழுதிய ஆராய்ச்சிகளை அரச ஆசியக் கழகத்தார் இன்றும் மதிக்கின்றனர். இலங்கை வரலாற்றுச் சித்திரங்களாக அமைந்த அவருடைய நூல் 1906இல் வெளிவந்தது. அவர்தம் உரைகளும் எழுத்துக்களும் 1936இலும், சமய ஆய்வுகளும் மொழிபெயர்ப்புகளும் 1937இலும் கொழும்பிலே தொகுத்து அச்சிடப்பட்டன.

எண்ணிக்கையும் மனிதரும்

ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் 1887இல் அருணாசலத்தை, சேவையில் மூத்தோர் பலரைக் கடந்து, பதிவாளர் நாயகம் பதவிக்கு உயர்த்தினார். அதுகண்டு மூத்த ஆங்கில அலுவலர் முறையிட்டனர். அவரோ காணிப் பதிவில் மலிந்திருந்த ஒழுங்கீனங்களைக் களைந்து, தம் தகுதியை நிலைநாட்டினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தது. இலங்கையின் மக்கள் முப்பத்தைந்து இலட்சத்தைச் சற்றுக் கடந்தவர் என்று அக்கணக்குக் காட்டிற்று. அதன் அறிக்கையை நான்கு தொகுதிகளாக வரைந்தார் அருணாசலம். குடிசன அறிக்கை என்பது எண்களின் குவியல் என்றே நாம் எண்ணுவோம். அவர் எழுதிய அறிக்கையோ, இத்தீவின் வரலாறு, சமயம், சாதி, மொழி, வழக்கம் எல்லாம் அடங்கிய இலக்கியமாக அமைந்தது. அரசாங்க அறிக்கையையும் இலக்கியமாக்கலாம் என்று காட்டிய அச்செயலுக்காகவே எழுத்தாளர் வரிசையில் அவருக்கு இடமுண்டு.

அக்கணக்கில் தோட்டங்களிலே வாழ்ந்தோர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டவர். கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. 1885இலேயே புகையிரதப் பாதை நானுஓயா வரை எட்டிவிட்டது. வட்டகொடை நிலையத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அந்நான்கு இலட்சத்துள் என் முன்னோரும் எண்களாய்க் கலந்திருந்தனர். அவ்வெண்களைத் தொகுத்த கையே இருபது ஆண்டுகளின்பின் அவர்தம் விலங்கை உடைக்கவும் உழைத்தது.

துண்டு

இவ்விடத்தில் என் குடும்பச் செய்தி ஒன்றைக் கூறுதல் வேண்டும். என் அப்பாயி, தன் மாமனார் ஒருகால் சிறை சென்றவர் என்பதைக் குரலைத் தாழ்த்தியே சொல்லுவாள். விருந்தினர் இருக்கும்போது அப்பேச்சை எடுத்தால் என்னைக் கடிந்துகொள்வாள். சிறுவனாகிய யான் அவர் ஏதோ களவு செய்தார் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆசிரியனானபின், அவள் முதுமையில் ஒருநாள் கேட்டறிந்தேன். பள்ளத்தாக்கின் மறுபுறத்துத் தோட்டமொன்றில் அவருடைய தங்கை பிள்ளைப்பேற்றில் இறந்தாள். செய்தி இரவில் வந்தது. துரையிடம் விடை பெறாமல் அவர் மலை கடந்து சென்று, ஈமக்கடன் முடித்து மூன்றாம் நாள் திரும்பினார். பிரட்டுக் களத்தில் வைத்தே அவரைப் பிடித்துச் சென்றனர். ஒரு மாதம் சிறையிருந்தார். அதுவே அவர் செய்த குற்றம்.

அக்காலச் சட்டம் அத்தகையது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிலாளி அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கினாலும், சொல்லுக்குக் கீழ்ப்படியாவிட்டாலும் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கூலி தராத துரைமேல் வழக்குத் தொடுப்பது ஏட்டளவில் இயன்றதேயாயினும், லயத்தில் வாழ்ந்தவர்க்கு அது எட்டாக் கனி. இச்சட்டத்தோடு துண்டு முறையும் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் கங்காணி, வழிச்செலவு முதலாகக் கம்பளி ஈறாக எல்லாவற்றையும் அவர்கள் கணக்கிற் கடனாக எழுதுவார். வேறு தோட்டம் செல்ல வேண்டின், அக்கடன் தொகை குறித்த துண்டொன்று தரப்படும். புதிய துரை அத்தொகையைக் கட்டினாலன்றிப் பழைய துரை விடார். கட்டியபின் கடன் ஒழிவதில்லை; தோட்டம் மட்டுமே மாறும். ஆளுக்கு விலை குறித்த சீட்டு அது என்பதன்றி வேறென் சொல்வது?

1913இல் பணியினின்று ஓய்வு பெற்ற அருணாசலம், சேர் பட்டத்தோடு மனையில் இளைப்பாறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்தாரல்லர். 1915 சனவரியில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவிக் கொழும்புச் சேரி மக்களின் நலத்துக்கு உழைத்தார். 1917இல் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை சுயாட்சி இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1919ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். மலைநாட்டில் தோன்றி உயர்கல்வி கற்ற பெரி. சுந்தரம் அதில் அவருக்கு வலக்கையாக நின்றார். அவ்வாண்டு திசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக அருணாசலம் தெரிவானார். மறு ஆண்டில் தொழிலாளர் சம்மேளனமும் அவர் முயற்சியால் எழுந்தது.

தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்குவதே நலன்புரிச் சங்கத்தின் தலையாய நோக்கமாயிருந்தது. பெண்டிரும் சிறாரும்கூட அப்பிரிவுகளுக்குத் தப்பவில்லை என்பதை அருணாசலம் ஆட்சியாளர் முன் எடுத்துக்காட்டினார். நீதிபதியாயிருந்த அவர் அச்சட்டம் நீதிமன்றத்தில் எவ்வாறு நடந்ததென்பதை நேரில் அறிந்தவர்; குடிசன மதிப்பை நடத்திய அவர் எத்துணைப் பேர் அதன்கீழ்க் கிடந்தனர் என்பதை எண்ணி அறிந்தவர். ஆகவே அவருடைய வாதத்தை உணர்ச்சி மிகுதி என்று ஒதுக்க எவராலும் இயலவில்லை. இந்திய அரசினரின் நெருக்குதலும் இதற்குத் துணையாக வந்தது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டனைப் பிரிவுகளும் அதனையொட்டி நீங்கின. 1922இல் இந்தியாவிற் பிறந்த குடியகல்வுச் சட்டம், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுக்குள் வைத்தது. வறுமை ஒழிந்துவிடவில்லை; லயம் லயமாகவே இருந்தது. எனினும் தங்கையின் சாவுக்குச் சென்றவன் சிறை செல்லும் நிலை அத்துடன் முடிந்தது.

பிரிவும் முடிவும்

அருணாசலத்தின் இறுதி ஆண்டுகள் கசப்புடையன. மேல் மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் வேண்டுமென்ற உடன்பாடு காக்கப்படாமையால், தாமே முதல்வராயிருந்து வளர்த்த காங்கிரசை விட்டு 1921இல் நீங்கினார். 1923இல் இலங்கைத் தமிழர் சங்கத்தை நிறுவினார். எல்லா இனத்தாரும் ஒருங்கே சுயாட்சி பெறவேண்டும் என்று கனவு கண்டவர், வாழ்நாள் முடிவில் தம் இனத்தின் காப்பை நாட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுத் தலங்களை வழிபடச் சென்றவிடத்து, 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையம்பதியில் அவர் உயிர் நீங்கிற்று. திருவாசகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர், மாணிக்கவாசகர் அமைச்சராயிருந்த பாண்டி நாட்டுத் தலைநகரிலேயே கண் மூடினார்.

தமையனார் இராமநாதன் 1930 நவம்பர் வரை வாழ்ந்தார். உண்மையை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் ஒன்று கூறுவேன். டொனமூர் ஆணைக்குழுவினர் எல்லார்க்கும் வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தபொழுது, இராமநாதன் அதனை எதிர்த்தார். சாதியிலும் செல்வத்திலும் தாழ்ந்தோரும் பெண்டிரும் வாக்களிப்பதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. ஒரே இல்லத்தில், ஒரே திருமுறை ஓதி, ஒரே ஞானநெறியிற் பயின்றவரே இருவரும். ஒருவர்க்கு அந்நெறி உள்முகமாய்ச் சென்று வேதப்பொருள் காட்டியது; மற்றவர்க்கு அது லயக் கதவு வரை வழி காட்டியது. கற்ற நூல் ஒன்றாயினும் கற்றார் கொள்ளும் பயன் ஒன்றாவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இதனால் இராமநாதனின் கல்விக்கொடையும் நாவன்மையும் குறைந்துவிடா. இருவரையும் அவரவர் அளவில் வைத்து மதித்தலே முறை.

இராமநாதன் மறைந்த மறு ஆண்டில், 1931இல், சர்வசன வாக்குரிமையின்கீழ் முதற் தேர்தல் நடந்தது. அட்டன் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். அருணாசலத்தின் பக்கத்தில் நின்று தொழிலாளர் துயர் கேட்டவர், அத்துயர் நீக்கும் பதவியில் அமர்ந்தார். பின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர் குடியுரிமையைப் பறித்ததும், அதனை முழுவதும் மீட்க 2003 வரை காத்திருந்ததும் இன்று வாழும் முதியோர் நினைவில் உள்ளவை. எண்ணப்பட்டு, விலங்கு நீங்கி, வாக்குப் பெற்று, அதனை இழந்து, மீண்டும் பெற்ற இம்மக்களின் வரலாற்றில் முதற் பக்கங்களில் ஒன்றை எழுதியவர் அருணாசலம்.

எஞ்சிய கடன்

இம்மூவரும் எழுதியவற்றுள் மிகப் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தது. தமிழின் பெருமையை உலகுக்கு உணர்த்த அன்று அம்மொழி வேண்டியிருந்தது. அவர்களைக் குறைகூறப் புகுதல் தகாது. ஆயினும் அதன் விளைவு ஒன்றுண்டு. யாருடைய விடுதலைக்காக அருணாசலம் எழுதினாரோ அவர்கள் அவ்வெழுத்தைப் படிக்க இயலவில்லை. 1921இல் துண்டு ஒழிந்த செய்தி எங்கள் லயத்துக்கு வந்தபொழுது, அது மகாராசா மனமிரங்கிச் செய்தது என்றே பேசிக்கொண்டார்களாம். அருணாசலம் என்னும் பெயரை என் கொள்ளுப்பாட்டனார் கேட்டதே இல்லை.

இவ்வளவையும் அம்மாணவிக்குச் சொல்லி முடித்தபொழுது மழை விட்டிருந்தது. அச்சகோதரிகள் கதைகளில் எழுதினார்கள், இவர்கள் கதை எழுதவில்லையே என்று அவள் கேட்டாள். நியாயமான வினா. மூவரும் புனைகதையால் நிலைபெற்றவர் அல்லர். மொழிபெயர்ப்பும் உரையும் ஆராய்ச்சியும் அறிக்கையுமே அவர்தம் இலக்கியம். எனினும் எழுத்து என்பது படித்தார் உள்ளத்தை மாற்றுவதாயின், ஆட்சியாளர் உள்ளத்தை மாற்றி ஒரு சட்டத்தையே நீக்கிய எழுத்தை எவ்வகையிற் சேர்ப்பது என்று அவளைக் கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை. மறுவாரம், அருணாசலத்தின் 1917ஆம் ஆண்டு உரையின் முதற் பக்கத்தைத் தமிழாக்கிக் கொண்டுவந்தாள். சில இடங்களில் ஒற்று மிகுந்தும் சில இடங்களில் மிகாதும் இருந்தது; திருத்திக் கொடுத்தேன். இப்பொழுது வகுப்பில் நால்வர் சேர்ந்து அடுத்த பக்கங்களை ஆக்கி வருகின்றனர்.

என் அப்பாயி இன்றில்லை. இருந்திருந்தால், அவளுடைய மாமனார் செய்தது குற்றமன்று, சட்டமே குற்றம் என்று கொழும்பில் ஒரு பெரியவர் ஆட்சியாளர் முன் வாதாடியதை அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அவளும் அதன்பின் குரலைத் தாழ்த்தாமலே அவர் கதையைச் சொல்லியிருப்பாள்.